முப்பத்தாறு கிலோமீட்டர்

ஹார்ஷம் மருத்துவமனை, அவசரப் பிரிவு.
செப்டம்பர், விடியலுக்கு முன் மூன்று பத்து.
ஊருக்கு வெளியே கனோலா வயல்கள்
இருட்டிலும் மஞ்சளாகத்தான் நிற்கின்றன என்று
நம்பிக்கொள்ள வேண்டிய நேரம்.

மணிக்கட்டை மார்போடு அணைத்தபடி வந்தாள், டீகன்.
குழந்தை அவன் தோளில் தூங்கியது.
அவளுடைய கைப்பையும் அவனிடமே.
"கோழிக்கூட்டுப் படியில வழுக்கிட்டா," என்றான்.
நான் அவளைத்தான் கேட்டிருந்தேன்.

படிவத்தில் ஏழாவது கேள்வி:
வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?
பதினோரு ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன்.
புகைப்பழக்கம் உண்டா மருந்து ஒவ்வாமை உண்டா பாதுகாப்பா
எல்லாம் ஒரே மூச்சில்,
திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்,
கணவன் பக்கத்தில் நிற்க.
"ஆமாம்" என்ற பதில்
அவர்களைவிட எனக்குத்தான் வசதி.
ஒரு டிக். அடுத்தவர்.

ஜூனில் ஒரு பயிற்சி நாள்.
பெயர்களைக் கறுப்பு மையால் மறைத்த
பழைய குறிப்புகளை மேசைக்கு நாலாகக் கொடுத்தார்கள்.
எங்கே தவறவிட்டோம், கண்டுபிடியுங்கள்.
மூன்றாவது தாளில்:
தொண்டை கரகரப்பு, சளியாக இருக்கலாம்.
கண் வெள்ளையில் ஊசிமுனைச் சிவப்பு, இருமலால்.
நோயாளி அமைதியானவர்.
கணவர் மிகுந்த அக்கறையுள்ளவர்.

கையெழுத்து என்னுடையது.

பக்கத்து நாற்காலிக்காரர் கேரட் கேக் தின்றுகொண்டிருந்தார்.
அந்தப் பெண் அதற்குப் பிறகு என்ன ஆனாள் என்று
பயிற்சியாளர் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.
ஊர் சின்னது. எனக்குத் தெரியும்.

"எக்ஸ்ரேக்கு இவங்க மட்டும்தான் வரணும். கதிர்வீச்சு," என்றேன்.
உண்மைதான்.
ஓர் உண்மையை இவ்வளவு தந்திரமாக நான் சொன்னதில்லை.
அவன் குழந்தையோடு வாசல்வரை வந்து நின்றான்.
ஈயம் வைத்த கதவு
மெல்லச் சாத்திக்கொண்டது.

ஏழாவது கேள்வியைக் கேட்கவில்லை.
முக்காலியை இழுத்துப் போட்டு
அவள் கண்மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்தேன்.
"உங்க வண்டியை நீங்களே ஓட்டுவீங்களா?"

கதவையே பார்த்தாள்.
குழந்தை அழுகிறதா என்று கேட்டாள்.
அழவில்லை.

"மீட்டரை எழுதி வைப்பார்," என்றாள்.
"கடைக்குப் போய்வர நாலு கிலோமீட்டர்.
அஞ்சு காட்டினா,
அந்த ஒண்ணு எங்கே போச்சுன்னு கேப்பார்."
வானிலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"அவர் கை எப்போதாவது உங்க கழுத்துக்கு..."

எச்சிலை விழுங்கினாள்.
அது இறங்கச் சிரமப்பட்டதைப் பார்த்தேன்.
"ஒரு தரம்."
பிறகு,
"நான் எண்ணலை."

டாக்டரைக் கூப்பிட்டேன். கழுத்தைப் பார்த்தார்.
இங்கேயே இரவு தங்கலாம் என்றோம், போலீஸ் என்றோம்,
அவளும் குழந்தையும் போக ஓர் இடம் உண்டு என்றோம்.
"இன்னிக்கு வேணாம்.
குழந்தை அவர்கிட்ட இருக்கு."
என் நாக்கின் நுனிக்கு வந்த புத்திமதியை
அங்கேயே கடித்து வைத்தேன்.
தன் வீட்டில் எந்தப் பலகை கிறீச்சிடும் என்று
அவளுக்குத்தான் தெரியும்.

தொலைபேசி எண் எழுதிய அட்டையை நீட்டினேன்.
தலையசைத்தாள்: பையைப் பார்ப்பார்.
ஆகவே வேறொரு சீட்டு.
மாவுக்கட்டு சரிபார்க்க, வியாழன் காலை பத்து,
இரண்டாம் மாடி.
அங்கே நெரிடா இருப்பாள்.
எலும்பைப் பற்றி ஒன்றும் தெரியாதவள்,
வீடுகளைப் பற்றி நிறையத் தெரிந்தவள்.

"இங்கேர்ந்து உங்க வீடு எவ்வளவு தூரம்?"
"பதினெட்டு."
சீட்டின் மேலே மருத்துவமனை முத்திரையை
அழுத்திக் குத்தினேன்.
போக பதினெட்டு, வர பதினெட்டு.
அவன் நோட்டில்
ஒன்றுகூட மிஞ்சாது.

குறிப்பில் இம்முறை அவள் சொற்களை
அவள் சொன்னபடியே எழுதினேன்.
"நான் எண்ணலை."
சளி என்று எங்கும் எழுதவில்லை.

போகும்போது அவன் கைகுலுக்கினான்.
சூடான, உலர்ந்த கை.
"ரொம்ப அக்கறையா பார்த்துக்கிட்டீங்க, சிஸ்டர்."
அவளுக்காகக் கதவைப் பிடித்து நின்றான்.

வியாழன் காலை பத்து.
இன்று திங்கள்.
அதிலும்
நாலரை மணி நேரம்தான் கழிந்திருக்கிறது.